பூமலைக்கும் மெக்ரிட்சி காட்டுக்கும் முதல்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூருக்கு ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைத்து வந்தபோது, கடைத்தெருக்களை விட மரங்களைத்தான் அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அப்பா விவசாயி. ஒரு செடியைப் பார்த்தால் இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்க்காமல் நகர மாட்டார். ஆனால் முதல் முறை எல்லாமே தப்பாகப் போனது. தப்பான கிழமை, தப்பான நேரம், தப்பான வாசல். எடுத்துப்போக வேண்டிய தாள்களும் வீட்டிலேயே கிடந்தன. அம்மாவின் முட்டி வலிக்கு முக்கியக் காரணம் நான்தான். இரண்டாவது முறை சரியாகத் திட்டமிட்டோம், அந்த நாளை அவர்கள் இன்னும் போனில் பேசுகிறார்கள். உங்களுக்கு முதல் முறையே அப்படி அமையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த இடம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை இங்கே தமிழில் பூமலை என்கிறோம். கடற்கரைப் பக்கம் பெரிய கண்ணாடிக் குவிமாடங்களும் இரும்பு மரங்களும் இருக்கிற ‘கார்டன்ஸ் பை தி பே’ வேறு. இரண்டு பெயரிலும் ‘கார்டன்ஸ்’ வருவதால் டாக்சியில் ஏறிக் குழம்புகிறவர்கள் நிறைய. கார்டன்ஸ் பை தி பேயில் குவிமாடங்களுக்குள் போகக் கட்டணம் உண்டு. பூமலைக்குள் நுழையக் கட்டணமே கிடையாது. அதிகாலை 5 மணியிலிருந்து நள்ளிரவு 12 மணி வரை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். யாராவது ‘பூமலை நுழைவுச்சீட்டு’ என்று விற்றால் வாங்காதீர்கள். உள்ளே இருக்கிற தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு.

பூமலை சுமார் 82 ஹெக்டேர். யுனெஸ்கோ 2015இல் உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. அதற்குள்ளேயே 6 ஹெக்டேர் அளவில் பழைய மழைக்காடு ஒன்று வெட்டப்படாமல் நிற்கிறது. நடந்து ஏறி வியர்க்கிற காடுதான் வேண்டும் என்றால் மெக்ரிட்சி, புக்கிட் தீமா என்று இரண்டு இடங்கள். அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன். பூமலையையும் மெக்ரிட்சியையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

2. ஊரிலிருந்து வருகிறவர்களின் தாள்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசாக் கட்டணம் ஒருவருக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்), மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற முகவர்கள் வழியாக விண்ணப்பித்தால் அவர்களுடைய சேவைக் கட்டணம் இதற்கு மேல் வரும். அது எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இங்கே குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ உள்ள உறவினர் இருந்தால் அவருடைய சிங்பாஸ் எனும் அரசு இணையக் கணக்கு வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு முந்தைய 30 நாட்களுக்குள் விண்ணப்பிப்பதுதான் முறை. பெரும்பாலும் மூன்று வேலை நாட்களில் முடிவு வந்துவிடும். ஆனாலும் டிக்கெட்டுக்கு முந்தைய வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது வருகை அட்டை. ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்பார்கள். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. இந்த இடத்தில்தான் நான் பணத்தை விட்டேன். தேடியபோது முதலில் வந்த ஓர் இணையதளம் அரசுத் தளம் மாதிரியே இருந்தது. அப்பாவின் விவரங்களை எல்லாம் நிரப்பி, கடைசிப் பக்கத்தில் கேட்ட பணத்தையும் கட்டிவிட்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள். முகவரியின் கடைசியில் gov.sg என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பணம் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று, இந்த அட்டை விசா ஆகாது. இரண்டும் தனித்தனி.

பூங்காவுக்குப் போகிற நாளில் கடவுச்சீட்டையோ அதன் தெளிவான படத்தையோ கையில் வைத்திருங்கள். ஏன் என்பதை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

3. கிழமையும் நேரமும்

திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள். பூமலைக்குள் இருக்கிற ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்துக்கும் மெக்ரிட்சியின் தொங்கு பாலத்துக்கும் திங்கள் விடுமுறை, அன்று அரசு விடுமுறை நாளாக இருந்தால் மட்டும் விலக்கு. பூமலையில் மருத்துவ மூலிகைகள் வைத்திருக்கும் ‘ஹீலிங் கார்டன்’ செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அப்பாவுக்கு அந்தத் தோட்டம்தான் ரொம்பப் பிடித்தது, ஆடாதோடையைத் தேடிக்கொண்டே அரை மணி நேரம் சுற்றினார். ஆகவே வயதானவர்களோடு போவதென்றால் புதன், வியாழன், வெள்ளி மூன்றில் ஒன்று நல்லது. சனி ஞாயிறு காலையில் ஓடுகிறவர்களும் நாய்களோடு நடக்கிறவர்களும் அதிகம். நடக்க இடைஞ்சல் என்று சொல்ல முடியாது, உட்காரப் பெஞ்சு கிடைப்பதுதான் கஷ்டம்.

ஊரில் ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும் என்ற பழக்கத்தில் இங்கே கிளம்பாதீர்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும், மாலை ஏழு வாக்கில் மறையும். ஏழேகாலுக்கு வாசலில் இருந்தால் சரி. பத்தரைக்கு மேல் புழுக்கம் தாங்காது. வெயிலை விட ஈரப்பதம்தான் ஆளை அடித்துப் போடுகிறது. பிற்பகலில் இடி மின்னலோடு மழை வருவது இங்கே சாதாரணம், நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னும் அதிகம். எல்லாவற்றையும் பதினொன்றரைக்குள் முடித்துவிடும்படி திட்டமிடுங்கள்.

4. ரயிலும் வாசலும்

பெரும்பாலோர் செய்கிற தப்பு இது. ‘பொட்டானிக் கார்டன்ஸ்’ என்றே ஓர் எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறது, பெயர்ப்பலகையில் தமிழும் உண்டு. அதனால் எல்லோரும் அங்கே இறங்குகிறோம். ஆனால் அது பூங்காவின் வட கோடி. ஆர்க்கிட் தோட்டம் நடுவில் இருக்கிறது, அன்னப்பறவைக் குளம் தென் கோடியில். நிலையத்திலிருந்து ஆர்க்கிட் தோட்டத்துக்கே வயதானவர் நடையில் அரை மணி நேரம் ஆகும். எல்லாம் பார்த்துவிட்டு அதே நிலையத்துக்குத் திரும்பி நடப்பதற்குள் உயிர் போய்விடும்.

ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவதுதான் வழி. நேப்பியர் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து டங்ளின் வாசல் சில நிமிட நடைதான். லிட்டில் இந்தியாவில் தங்கியிருந்தால் டவுன்டவுன் பாதையில் ஏறி இரண்டாவது நிறுத்தமான ஸ்டீவன்ஸில் மாறுங்கள். அங்கிருந்து தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஒரே நிறுத்தம் நேப்பியர். திரும்பும்போது பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தில் ஏறினால் லிட்டில் இந்தியா மூன்றாவது நிறுத்தம், மாற வேண்டியதில்லை.

ரயில் கட்டணம் இந்தத் தூரத்துக்கு ஒரு வழிக்கு இரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். முன்பு இருந்த ஒருமுறைச் சீட்டு இப்போது கிடையாது. ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேர் தட்ட முடியாது, வாயில் திறக்காது. வெளிநாட்டு வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், ஆனால் பயணம் செய்கிற ஒவ்வொரு நாளும் அட்டைக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். உங்கள் பெற்றோர் சில வாரங்கள் தங்குவார்கள் என்றால் ஈஸி-லிங்க் எனும் பயண அட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அட்டையின் விலை திரும்ப வராது, உள்ளே ஏற்றுகிற பணம்தான் பயணத்துக்கு.

டாக்சியில் வருவதாக இருந்தால் ‘பொட்டானிக் கார்டன்ஸ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘டங்ளின் கேட்’ அல்லது ‘நாசிம் கேட்’ என்று வாசலின் பெயரைச் சொல்லுங்கள். அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு நாசிம் வாசல்தான் சரி. ஆர்க்கிட் தோட்டம் அங்கிருந்து பக்கம்.

5. உள்ளே நடக்கும் வரிசை

டங்ளின் வாசலில் நுழைந்ததும் அன்னப்பறவைக் குளம். காலை வேளையில் ஆமைகள் கரையில் ஏறிக் கிடக்கும். அதன் பக்கத்துப் புல்வெளியில் ஒரு பெரிய தெம்புசு மரம் இருக்கிறது, ஒரு கிளை தரையை ஒட்டிப் படுத்தவாறு நீண்டிருக்கும். ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்த மரம்தான். ஒரு நோட்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. வேர் நசுங்காமல் இருக்க மரத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். தாண்டி உள்ளே போக வேண்டாம்.

நடக்கத் தெம்பிருந்தால் மேற்குப் பக்கம் திரும்பி ‘லேர்னிங் ஃபாரஸ்ட்’ போய் வாருங்கள். சதுப்புக் காட்டின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் போகும். மரங்களின் இடுப்பு உயரத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஆர்க்கிட் தோட்டம் காலை 8:30க்குத் திறக்கும். மாலை 6 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டணம் 15 வெள்ளி. இங்கே வசிப்பவர்களுக்கு 5 வெள்ளி. வேலை அனுமதி அட்டை இருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, ஆனால் வயதுக்குச் சான்று வேண்டும். நாங்கள் முதல் முறை கடவுச்சீட்டை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனோம். அப்பாவின் நரைத்த தலையைக் காட்டி வாதாட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேருக்கும் முழுக் கட்டணம் கட்டினேன். நீங்கள் அப்படிக் கட்டாதீர்கள்.

கட்டணம் கொடுத்துப் பார்க்கத் தகுதியானதா என்று கேட்டால், நிச்சயமாகத் தகுதியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயற்கை வகைகளும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலப்பினங்களும் அங்கே உண்டு. குளிரூட்டிய கூடம் ஒன்றும் இருக்கிறது. மலைக்காட்டு ஆர்க்கிட்களை அதில் வைத்திருக்கிறார்கள். வியர்த்து வந்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய ஆறுதல். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து வெளியே வந்ததும் மழைக்காட்டுக்குள் போகிற பாதை. இது சின்னக் காடுதான், இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் உள்ளே நுழைந்த உடனே வெளிச்சம் குறைந்து, காதில் பூச்சிச் சத்தம் மட்டும் நிற்கும். பேசிக்கொண்டே வந்த அம்மா அங்கே தானாகவே பேச்சை நிறுத்திவிட்டார்.

பூமலையில் நாகலிங்க மரமும் இருக்கிறது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கி, அதில் பூத்திருந்தது. ஒரு பூ அப்போதுதான் கீழே விழுந்திருந்தது. ரோஸ் நிறத்தில் ஆறு தடித்த இதழ்கள், நடுவில் சின்ன லிங்கம், அதன் மேல் நாகம் படம் எடுத்தது போல வளைந்த மகரந்தக் குடை. அம்மா குனிந்து உள்ளங்கையில் எடுத்து மூக்கருகில் வைத்தார். “நம்ம சிவன் கோயில் பிரகாரத்து மரம்டா இது, இங்க எப்படி வந்துச்சு?” என்றார். எடுத்துப்போக ஆசைதான். திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். இலை, பூ, விதை எதையும் பறிக்கக் கூடாது. கீழே விழுந்ததையும் பையில் போடக் கூடாது. ஊர்ப் பழக்கத்தில் செய்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வடக்கு நோக்கி இறக்கமாக நடந்தால் பனைமரப் பள்ளத்தாக்கு, சிம்பொனி ஏரி, கடைசியில் எம்ஆர்டி. பிள்ளைகள் கூட இருந்தால் வடக்குக் கோடியில் உள்ள ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்துக்குப் போங்கள், கட்டணம் கிடையாது. இதிலும் ஒரு விதி: 14 வயது வரையிலான பிள்ளை ஒருவராவது கூட இல்லாமல் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

6. தண்ணீர், சாப்பாடு, மற்றவை

குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள், விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கழிப்பறைகள் சுத்தமாக இருக்கும், காசு கேட்க மாட்டார்கள். புல்வெளியில் விரித்து உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் எலுமிச்சை சாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு போவதே நல்லது. உள்ளே இருக்கிற உணவகங்களில் விலை கூடுதல். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வெளியே வந்து ஆடம் ரோடு உணவங்காடி நிலையத்துக்குப் போகலாம். பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றுக்குப் பெயர் போன இடம்.

கொசு விரட்டி பூசாமல் போகாதீர்கள், இங்கே டெங்கி உண்டு. பூங்கா முழுக்கப் புகைப்பிடிக்கத் தடை. சைக்கிள் ஓட்ட முடியாது.

எந்த விலங்குக்கும் எதையும் போடாதீர்கள். புல்வெளியில் காட்டுக்கோழிகள் குஞ்சுகளோடு மேயும், நம் வீட்டுக் கோழி மாதிரியே இருக்கும். அம்மா முறுக்கை நொறுக்கிப் போடக் கை ஓங்கிவிட்டார், நல்லவேளை பிடித்துக்கொண்டேன். வனவிலங்குச் சட்டப்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். புறாவுக்குப் போட்டாலும் அப்படித்தான்.

இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கூரை போட்ட மண்டபங்கள் அங்கங்கே உண்டு, நடக்கும்போதே எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரியில் இதே பூங்காவில் 270 ஆண்டுப் பழைய தெம்புசு ஒன்று வேரோடு சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். முதிர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் மழையிலும் காற்றிலும் இந்தக் கவனம் தேவை.

7. காட்டுக்கு இன்னொரு நாள்

மெக்ரிட்சிக்குப் போக பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்திலிருந்து வட்ட ரயில் பாதையில் (சர்க்கிள் லைன்) அடுத்த நிறுத்தமான கால்டிகாட்டில் இறங்கி, மெக்ரிட்சி நீர்த்தேக்கம் வரை நடக்கலாம். எல்லோரும் பார்க்க விரும்புவது ‘ட்ரீடாப் வாக்’ எனும் தொங்கு பாலம். நீளம் 250 மீட்டர், மிக உயர்ந்த இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பாலம் சாலையோரத்தில் இல்லை. நீர்த்தேக்கத்திலிருந்து காட்டுக்குள் நாலைந்து கிலோமீட்டர் நடந்தால்தான் வரும். பாலம் ஒருவழிப் பாதை, ஏறினால் திரும்பி வர முடியாது, மறுபக்கம் இறங்கி நிறையப் படிகள் ஏறித்தான் வெளியே வர வேண்டும். மொத்தம் பத்து கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒரு திங்கட்கிழமை, பூமலையில் சுற்றிவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு, அம்மா ரப்பர் செருப்போடு, இந்தப் பாதையில் நடந்தோம். பாலத்தின் வாயிற்கதவு பூட்டியிருந்தது. வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலையிலேயே தொடங்குங்கள். மாலை ஐந்துக்குப் பாலம் மூடிவிடும். பராமரிப்புக்காக மூடப்படுவதும் உண்டு, முந்தைய நாள் தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தைப் பாருங்கள். வீனஸ் டிரைவ் வாகன நிறுத்தப் பக்கமிருந்து தொடங்கினால் பாலத்துக்கு இரண்டரை கிலோமீட்டர்தான், தூரம் பாதியாகக் குறையும். பிடிப்புள்ள ஷூ கட்டாயம். மழை பெய்த மண் வழுக்கும். குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தாலே சாப்பாடு என்று நினைத்துப் பிடுங்கும். எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். குரங்கு எதிரே வந்தால் கண்ணுக்குக் கண் பார்க்காமல் மெதுவாக விலகி நடங்கள்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு மெக்ரிட்சியின் நீர்த்தேக்கக் கரையே போதும். பலகைப் பாதை தண்ணீரை ஒட்டிச் சமதளமாகப் போகும். இரண்டாவது முறை அம்மாவும் நானும் அங்கேயே உட்கார்ந்துகொண்டோம்.

அப்பா மட்டும் இன்னொரு நாள் என்னோடு புக்கிட் தீமா வந்தார். டவுன்டவுன் பாதையில் பியூட்டி வேர்ல்டு நிலையத்தில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் காட்டின் வாசல், காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. உச்சி 163 மீட்டர்தான், இருந்தாலும் சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்று அதுதான். தார் போட்ட பாதை, ஆனால் தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறும். மூச்சு வாங்கினால் நின்று நின்று போங்கள், ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் போதும். அப்பா மூன்று இடத்தில் நின்றார். இரண்டு மூச்சு வாங்க, மூன்றாவது, ஒரு கொடியின் இலையைப் புரட்டிப் பார்க்க.